குழந்தையின் மூச்சில் நம் புகை

திருப்பதியின் மலையடிவாரத்தில் இருக்கிறது அலிபிரி. திருமலைக்குச் செல்லும் வண்டிகள் யாவும் அங்குள்ள சோதனைச் சாவடியில் நின்றே செல்ல வேண்டும். பயணிகள் இறங்குகின்றனர், பைகள் சோதிக்கப்படுகின்றன. மதுவுக்கும் மாமிசத்துக்கும் இடமில்லாதது போலவே பீடி, சிகரெட், புகையிலை எதற்கும் மலையில் இடமில்லை. ஏறத்தாழ 3,550 படிகளை நடந்தே ஏறிச் செல்வோருக்கும் இதே விதிதான். எந்த ஊரிலிருந்து வந்தவராயினும், எத்தனை ஆண்டுப் பழக்கம் உடையவராயினும் மலையில் இருக்கும்வரை புகையைத் தொடுவதில்லை என்ற நியதிக்கு உட்பட்டவரே.

நாம் அங்கு சென்றிருந்த ஒரு காலைப் பொழுதில், சித்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் தம் மடியிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து, அடிவாரத்திலேயே தங்கவிருந்த வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தார். "இது உங்கிட்ட இருக்கட்டும்பா. இறங்கி வந்து வாங்கிக்கிறேன்" என்றார். நாற்பது ஆண்டுப் பழக்கமாம். இரண்டு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டோம். "சாமி மலைங்க. அங்க எப்படிங்க பிடிக்கிறது?" என்று சிரித்தார்.

அருகில் மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மருமகள் மெல்லச் சொன்னார்: "வீட்டுலயும் இப்படி இருந்தா நல்லாருக்கும் மாமா." சிறுவனுக்கு மழைக்காலம் தோறும் சளியும் இழுப்பும் வருவதாகவும், ஆண்டுக்கு இரண்டு முறையேனும் மருத்துவமனையில் சேர்க்க நேர்வதாகவும் அவர் கூறினார். முதியவர் பேரனின் தலையைத் தடவிக் கொடுத்தபடி, "வீடு மலையாம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். பேரனிடம் அவருக்கு அன்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தாம் பிடிக்கும் பீடி தம் நெஞ்சை மட்டுமே தொடுகிறது என்று அவர் நம்புகிறார். நம்மில் பலரும் அவ்வாறே நம்புகிறோம்.

இருவகைப் புகை

பீடியோ சிகரெட்டோ எரியும்போது இருவகைப் புகை எழுகிறது. பிடிப்பவர் உள்ளிழுத்து வெளியே விடுவது ஒன்று. ஓர் இழுப்புக்கும் மறு இழுப்புக்கும் இடையில் நெருப்பு முனையிலிருந்து தானாகவே எழுவது மற்றொன்று. அறையை நிரப்புவதில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகைக்கே உரியது. குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிந்து எழுவதால் பல நச்சுப்பொருள்கள் அதில் கூடுதலாகவே இருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன என்பதும், அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பவை என்பதும் அறிவியலார் கண்டறிந்த உண்மைகள். அதே அறையில் இருப்பவர் பீடியைக் கையால் தொடாவிட்டாலும் இவற்றையே சுவாசிக்கிறார். பிறர் விடும் புகை, மறைமுகப் புகை என்றெல்லாம் நாம் குறிப்பிடுவது இதைத்தான்.

பெரியவரைவிடக் குழந்தையை இப்புகை அதிகம் தாக்குவதற்குக் காரணங்கள் உண்டு. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பச்சிளங்குழந்தையோ 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால், ஒரே அறையில் தந்தையைவிடக் குழந்தையே அதிகக் காற்றை, எனவே அதிகப் புகையை, உள்வாங்குகிறது. குழந்தையின் மூச்சுக்குழல்கள் மிகக் குறுகலானவை. பெரியவருக்கு லேசான கரகரப்போடு போய்விடும் வீக்கம், குழந்தைக்கு மூச்சின் வழியையே அடைக்கப் போதுமானதாகிவிடும். மூச்சுக்குழலின் உட்புறத்தில் அசைந்துகொண்டேயிருந்து சளியையும் கிருமிகளையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. சளி தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது. மேலும், நுரையீரலின் காற்றுப்பைகள் பிறந்த பின்னரும் சில ஆண்டுகள் பெருகி வளர்பவை. அந்த வளர்ச்சிக் காலத்தில் படும் பாதிப்பு பிற்காலத்திலும் தொடரக்கூடும்.

இவற்றின் விளைவாகவே, புகை சூழ்ந்த வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சியும் நிமோனியாவும் நடுக்காது அழற்சியும் மிகுதியாக வருகின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பு அடிக்கடி வருகிறது. வந்தால் கடுமையாகவும் வருகிறது. கருவுற்ற பெண் பிறர் விடும் புகையைச் சுவாசித்து வந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்க வாய்ப்புண்டு. தொட்டிலில் உறங்கும் சிசு காரணம் தெரியாமல் திடீரென இறந்துபோகும் துயரத்துக்கும் புகைக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.

இந்த மண் அறிந்த உண்மை

தூய காற்று நுரையீரலுக்கு மருந்து என்பது சித்தூர் வட்டாரத்துக்குப் புதிய செய்தி அன்று. சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. அப்போது அதில் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே 1915-இல் காசநோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு அமைந்த பெயர் ஆரோக்கியவரம். காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை மருத்துவர்களின் கையில் இருந்தவை ஓய்வும் நல்லுணவும் மேட்டுநிலத்தின் தூய காற்றுமே. அக்காற்றை நாடித் தொலைவிடங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் இங்கு வந்தனர்.

ஆயினும், வீட்டுக்குள் ஒருவர் பிடிக்கும் புகை மற்றவரை நோயாளியாக்கும் என்பது எண்களோடு நிறுவப்படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1974-இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோர் இருவரும் புகைபிடிக்கும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் நிமோனியாவும் மூச்சுக்குழல் அழற்சியும் வரும் வாய்ப்பு, புகைபிடிக்காதோர் வீட்டுக் குழந்தைகளைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று காட்டியது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிரயாமா, புகைப்பழக்கமே இல்லாத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை வெளியிட்டார். கணவர் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடியதை அவர் கண்டார். பிறர் விடும் புகை வெறும் தொல்லை மட்டுமன்று, நோய்க்காரணமும் ஆகும் என்பதை உலகம் அதன்பின் மறுக்க இயலாமற்போனது.

2004-ஆம் ஆண்டின் நிலையை மதிப்பிட்டு 2011-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, உலகக் குழந்தைகளுள் நூற்றுக்கு 40 பேர் பிறர் விடும் புகையைச் சுவாசிக்கின்றனர் என்றது. அவ்வாண்டில் இப்புகையால் ஏறத்தாழ 6,03,000 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 28 பேர் குழந்தைகள் என்றும் அது கணக்கிட்டது. அக்குழந்தைகளுள் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தவை நுரையீரல் தொற்றுகளே.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பு, 2009-10-இல் நூற்றுக்கு 52 பேர் தத்தம் வீட்டிலேயே பிறர் விடும் புகைக்கு ஆளாவதாகக் காட்டியது. 2016-17-இல் அது நூற்றுக்கு 39-க்கும் சற்றே குறைவாக இறங்கியது. மகிழத்தக்க முன்னேற்றமே. ஆனால் அதே 2016-17 கணக்கெடுப்பில் புகைபிடிப்போர் என்று கண்டறியப்பட்டவர்கள் நூற்றுக்கு 11 பேருக்கும் குறைவு. பிடிப்பவர் ஒருவர் என்றால், அவருடைய புகையை வீட்டில் சுவாசிப்பவர் மூவருக்கு மேல் என்று ஆகிறது. இக்கணக்கில் சேராதவர்கள் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

நம் பகுதியில் சிகரெட்டைவிடப் பீடியே மிகுதி. எல்லைக்கு அப்பால் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் பீடி சுற்றுவதே பல குடும்பங்களின் பிழைப்பு. இலையில் சுற்றியது என்பதால் பீடி கெடுதல் குறைந்தது என்று எண்ணுவோர் உளர். அது தவறு. பீடி எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, அழுத்தமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதன் புகையில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவாக இல்லை, பெரும்பாலும் கூடுதலே.

சட்டம் நிற்கும் இடம்

பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு எதிராக நம் நாட்டில் நீதிமன்றங்களும் வழிகாட்டின. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் அம்மாநிலத்தில் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. 2001 நவம்பர் 2 அன்று, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, இரயில் ஆகியவற்றில் புகைபிடிப்பதை உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடுத்தது. 2003-இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. 2008 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, பொது இடத் தடைக்கான திருத்திய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. வங்கிக் கிளைகளின் நுழைவாயிலில், இங்கே புகைபிடிப்பது குற்றம் என்ற அறிவிப்புப் பலகையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது இச்சட்டத்தின்படி வைக்கப்பட்டதே. 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதையும் இதே சட்டம் தடுக்கிறது.

இத்தகைய சட்டத்தால் குழந்தைகளுக்குப் பயனுண்டா? ஸ்காட்லாந்தின் அனுபவம் விடை தருகிறது. அங்கு 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்கள் யாவற்றிலும் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பு ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சராசரியாக 5.2 விழுக்காடு கூடிக்கொண்டே வந்தது. சட்டத்துக்குப் பின்னர் அது ஆண்டுக்கு 18.2 விழுக்காடு குறைந்தது. வெளியே பிடிக்க இயலாதவர்கள் வீட்டில் கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று பலர் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. 11 வயதை ஒட்டிய பள்ளிக் குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்தபோது, புகைக்கு ஆளானதைக் காட்டும் பொருளின் அளவு 39 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் தாயோ, பெற்றோர் இருவருமோ புகைபிடித்த வீடுகளின் குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. பொது இடத்தைத் தூய்மையாக்கிய சட்டம் அவ்வீடுகளின் வாசற்படியோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் உள்ளே செல்லக் கூடியது குடும்பத்தின் முடிவு ஒன்றே.

சில சமாதானங்கள்

"சன்னல் திறந்திருக்கிறது, மின்விசிறி சுழல்கிறது" என்பது முதல் சமாதானம். விசிறி புகையைக் கலக்கிப் பரப்புமேயன்றி அகற்றாது. குளிர்சாதனக் கருவி பெரும்பாலும் அறையிலுள்ள அதே காற்றைத்தான் சுழற்றுகிறது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை, பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என்றும், காற்றோட்ட வசதிகளால் அதை முழுமையாக நீக்க இயலாது என்றும் முடிவு கூறியது.

"குழந்தை இல்லாத நேரத்தில்தான் பிடிக்கிறேன்" என்பது அடுத்தது. புகை கண்ணுக்கு மறைந்த பின்னரும் அதன் நுண்துகள்கள் நெடுநேரம் காற்றில் மிதக்கின்றன. நச்சுப் படிவுகள் தலையணையிலும் திரைச்சீலையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்கின்றன. தரையில் தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தைக்கு அவை எளிதில் போய்ச் சேர்கின்றன.

"திண்ணையில்தான் பிடிக்கிறேன்" என்பது மூன்றாவது. கதவருகே எழும் புகை காற்றோடு உள்ளே வருகிறது. திண்ணை கூடத்தைவிட மேல் என்பது உண்மையே. ஆயினும் வீட்டைவிட்டு விலகிச் சென்று பிடித்து, கை கழுவி, சட்டை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குவது அதனினும் மேல். கார், ஆட்டோ போன்ற சிறிய இடத்தில் குழந்தையோடு செல்லும்போது பிடிக்கவே கூடாது. அடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், குப்பை எரிப்பு ஆகியவையும் குழந்தையின் மூச்சைப் பாதிப்பவையே என்பதால் அவற்றையும் குறைத்துக்கொள்வது நல்லது. அவை இருக்கின்றன என்பது பீடிக்குச் சமாதானம் ஆகாது.

எப்போது விரைய வேண்டும்?

சளியோடும் இருமலோடும் இருக்கும் குழந்தையின் மூச்சை, அது அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குட்பட்ட குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல், உதடு நீலமாதல், பால் குடிக்க இயலாமை, அரைமயக்கம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இழுப்புக்காக மருத்துவர் தந்த இன்ஹேலரை, குழந்தை நலமாகத் தோன்றுகிறது என்பதற்காக அவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. வீட்டில் யாரேனும் புகைபிடிப்பவர் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. அது மருத்துவத்துக்குத் தேவையான தகவல்.

ஒரு கணக்கு

வங்கியின் இதழ் என்பதால் ஒரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுவோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் சிகரெட்டுக்குச் செலவாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு அது 36,500 ரூபாய்; பத்து ஆண்டுகளில் 3,65,000 ரூபாய். தொடர் வைப்புக் கணக்கிலோ, மகள் இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கிலோ மாதந்தோறும் அத்தொகையைச் செலுத்தி வந்தால் கிடைக்கும் வட்டி இதில் சேரவில்லை. குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும் செலவும், அந்நாள்களில் தாய் தந்தையர் இழக்கும் கூலியும்கூடச் சேரவில்லை. நாளொன்றுக்கு 30 ரூபாய் பீடிக்குச் செலவிடுபவருக்கும் ஆண்டுக்குப் பதினோராயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவாக மிஞ்சும். ஒரு பிள்ளையின் புத்தகங்களுக்கும் சீருடைக்கும் அது பெரிதும் உதவும்.

விட நினைப்பவருக்கு உதவி உண்டு. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் ஆலோசனை பெறலாம். நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் முதலியவற்றை மருத்துவர் ஆலோசனையோடு பயன்படுத்தலாம். முதல் முயற்சியில் தோற்றவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. பலமுறை முயன்று விட்டவர்களே மிகுதி.

இங்கே அலிபிரி முதியவரை மீண்டும் நினைக்கிறோம். புகைப்பழக்கத்தை நிறுத்தியவருக்குத் தவிப்பு மிகக் கடுமையாக இருப்பது முதல் இரண்டு மூன்று நாள்கள்தாம். அதன்பின் அது படிப்படியாகத் தணிந்து, சில வாரங்களில் பெரிதும் அடங்கிவிடுகிறது. மலைக்குச் சென்று தங்கும் ஒவ்வொரு முறையும் அவர் கடப்பது அந்தக் கடுமையான நாள்களையே. ஏறவே முடியாது என்று அவர் எண்ணும் மேட்டின் செங்குத்தான பகுதியை ஏறி முடித்துவிட்டு, எளிய பகுதி தொடங்கும் இடத்தில் திரும்பி இறங்கி, ஓட்டுநரிடம் பீடிக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நாற்பது ஆண்டுகளில் எத்தனை முறை அவ்வாறு திரும்பியிருப்பாரோ!

ஒரேயடியாக விட முடியாதவர்கூட இன்று ஒன்று செய்யலாம். வீட்டுக் கூரையின் கீழும் வாசலிலும் எவரும், விருந்தினர் உட்பட, புகைபிடிப்பதில்லை என்று குடும்பத்தோடு கூடி முடிவு செய்யலாம். சாம்பல் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் கூடத்திலிருந்து அப்புறப்படுத்தலாம். அறையில் புகை சூழும்போது பெரியவர் எழுந்து வெளியே போகலாம்; மனைவி முகம் சுளிக்கலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையால் இரண்டும் இயலாது. அதற்காக எழுந்து வெளியே செல்ல வேண்டியவர் கையில் நெருப்பை வைத்திருப்பவரே.

"வீடு மலையாம்மா?" என்று அவர் கேட்டதற்கு மருமகள் அன்று விடை சொல்லவில்லை. பையன் இருமத் தொடங்கியதால் அவனை நிமிர்த்தித் தோளில் சாய்த்து முதுகை நீவிக்கொண்டிருந்தார். முதியவரும் சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் மூவரும் மலையேறும் பேருந்தை நோக்கி நடந்தனர்.